மலை எறங்கி ஐமேக்ஸ்ல பெரிய படம் பாக்கப் போறவங்களுக்கு

ஊட்டி, குன்னூர், கோத்தகிரின்னு மேல இருக்குற நம்ம ஆளுங்களுக்குத்தான் இது, கோவைக்காரங்க ஸ்கிப் பண்ணிக்கோங்க, உங்களுக்கு வண்டிய எடுத்தா அரை மணி நேரத்துல தியேட்டர். நமக்கு அப்படியா? ஒரு பிரம்மாண்ட படத்த ராட்சச ஸ்க்ரீன்ல பாக்கணும்னா ஊட்டியில இருந்து கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் எறங்கணும், படம் முடிஞ்சதும் அதே 90 கிலோமீட்டர் ஏறணும். அதனால டிக்கெட் புக் பண்றது எப்படின்னு ஆரம்பிக்காம, திரும்பி எத்தன மணிக்கு மலை ஏறப்போறோம்னு ஆரம்பிங்க. அத முடிவு பண்ணிட்டா ஷோ டைம், சாப்பாடு, யார கூட்டிட்டுப் போறது எல்லாம் தானா செட் ஆயிரும்.

ஆனா அதுக்கும் முன்னாடி ஒண்ணு இருக்கு, இந்தப் படத்துக்கு எறங்கணுமா வேணாமா.

எல்லா படத்துக்கும் எறங்க வேண்டியதில்ல. காமெடி, குடும்பப் படம், நாலு சுவத்துக்குள்ள பேசிட்டே இருக்குற த்ரில்லர், இதெல்லாம் ஊட்டி அசெம்பிளி ரூம்ஸ் தியேட்டர்ல பாத்தாலும் அதே சிரிப்புதான் அதே அழுகைதான். எறங்க வேண்டியது எதுக்குன்னா போர், பாலைவனம், கடல், விண்வெளி, ஆயிரம் பேர் ஓடி வர்ற சீன், அந்த மாதிரி எடம் பெருசா இருக்குற படத்துக்கு. வீட்டு டிவியில போர் சீன் பாத்தா நம்ம கண்ணு ஹீரோவ மட்டும்தான் பாக்கும், மத்தவன் எல்லாம் எறும்பு. ராட்சச ஸ்க்ரீன்ல அப்படி இல்ல, மொத்த ஃப்ரேமும் ஒரே பார்வையில அடங்காது, நாமளே கண்ண திருப்பித் திருப்பித்தான் பாக்கணும், ஹீரோ நடுவுல டயலாக் பேசிட்டு இருப்பான், ஓரத்துல ஒரு சிப்பாய் குனிஞ்சு செருப்பு வார இழுத்துக் கட்டிட்டு இருப்பான், அவன் மூஞ்சியில இருக்குற பயம் கூட தெரியும். இத வாயால சொன்னா யாருக்கும் புரியாது. எங்க பெரியப்பா கிட்ட சொன்னப்ப "ஏன்டா, இதே படம் மேலயே ஓடுதே, அங்க போனா ஹீரோ எறங்கி வந்து கை குடுப்பானா?"ன்னு கேட்டாரு. "பெரியப்பா நீங்க ஒரு தடவ வாங்க, அப்புறம் பேசுங்க"ன்னேன். "சரி, அப்படியே மேட்டுப்பாளையம் மண்டியில கேரட் காசு வாங்க வேண்டியது இருக்கு, வர்றேன்"னு கெளம்பிட்டாரு. உங்க வீட்லயும் இப்படி ஒரு ஆள் இருந்தா மண்டி வேலை, ஆஸ்பத்திரி, ஜவுளி எதையாவது சேத்துப் பிளான் போடுங்க, செலவும் உறுத்தாது.

ஐமேக்ஸ்னா என்னன்னு கொஞ்சம்

இது தெரியாமலே நெறைய பேர் காசு குடுத்துட்டு "என்னடா, கொஞ்சம் பெருசா இருக்கு, அவ்வளவுதானா"ன்னு வர்றாங்க.

ஐமேக்ஸ் ஒரு கனடா கம்பெனி. 1970ல ஜப்பான் ஒசாகா கண்காட்சியிலதான் மொத மொதல்ல இந்த முறையில படம் காட்டுனாங்க. ஒரிஜினல் ஐமேக்ஸ்ங்கறது 70 எம்எம் ஃபிலிம படுக்க வச்சு ஓட்டுறது, ஒரு ஃப்ரேமுக்கு ஃபிலிம் ஓரத்துல 15 ஓட்டை, அதனால ஒவ்வொரு ஃப்ரேமும் சாதாரண 35 எம்எம் ஃப்ரேம விட பல மடங்கு பெருசு. 2023ல வந்த ஓப்பன்ஹைமர் மூணு மணி நேரப் படம், அதோட ஐமேக்ஸ் ஃபிலிம் சுருள் மட்டும் 11 மைல் நீளம், அதாவது ஊட்டியில இருந்து உருட்டிவிட்டா கிட்டத்தட்ட குன்னூர் வந்துரும். ஆனா அந்த ஃபிலிம் ஐமேக்ஸ் நம்ம பக்கம் கெடையாது. நம்ம பாக்கப்போறது டிஜிட்டல் ஐமேக்ஸ், லேசர் ப்ரொஜெக்டர் போட்டது. ஃபிலிம் அளவுக்கு இல்லையேன்னு வெளிநாட்டு யூடியூபர் அழுவாங்க, அத கேட்டு நீங்களும் அழ வேண்டாம், மொத தடவ பாக்குறவங்களுக்கு இதுவே தாராளம்.

அடுத்தது ஸ்க்ரீனோட வடிவம், இதுலதான் விஷயமே இருக்கு. சாதாரண சினிமாஸ்கோப் படம் 2.39:1, அதாவது ஒசரம் ஒரு அடின்னா அகலம் ரெண்டரை அடிக்கு கொஞ்சம் கம்மி, நல்லா பட்டையா இருக்கும். டிஜிட்டல் ஐமேக்ஸ் ஸ்க்ரீன் 1.90:1, அகலம் அதேன்னா ஒசரம் கூட. ஐமேக்ஸ் கேமராவுல எடுத்த படம், இல்லாட்டி ஐமேக்ஸ்க்குன்னே ஃப்ரேம் வச்சு எடுத்த படம்னா அந்த ஒசரம் முழுசையும் யூஸ் பண்ணுவாங்க, சாதாரண தியேட்டர விட 26 சதவீதம் வரைக்கும் படம் கூட தெரியும். சில படத்துல பாதி சீன் பட்டையா ஓடிட்டு இருக்கும், பெரிய சீன் வந்ததும் மேலயும் கீழயும் இருந்த கருப்புப் பட்டை போயி ஸ்க்ரீன் முழுக்க விரியும், அந்த நிமிஷம் பக்கத்து சீட்டுக்காரர் நிமுந்து உக்காருவாரு பாருங்க.

ஆனா எல்லா ஐமேக்ஸ் ரிலீஸும் அப்படி இல்ல. பல படம் சாதாரண கேமராவுல எடுத்துட்டு அப்புறம் ஐமேக்ஸ்க்கு மெருகேத்தி விடுறதுதான், அதுல சத்தமும் வெளிச்சமும் நல்லா இருக்கும், ஆனா மேலயும் கீழயும் கருப்புப் பட்டை அப்படியே இருக்கும். தமிழ்ல மொத ஐமேக்ஸ் ரிலீஸ் 2022ல வந்த பொன்னியின் செல்வன் முதல் பாகம், அதுக்கப்புறம் லியோ மாதிரி படங்களும் வந்துச்சு. அதனால எறங்குறதுக்கு முன்னாடி அந்தப் படம் ஐமேக்ஸ் கேமராவுல எடுத்ததா, எத்தன நிமிஷம் முழு ஸ்க்ரீன் வருதுன்னு ஒரு தடவ தேடிப் பாத்துருங்க, ரிலீசுக்கு முன்னாடியே படக்குழுவே சொல்லிக்குவாங்க, அது அவங்களுக்குப் பெருமை.

எந்த தியேட்டர், எந்த சீட்

ரொம்ப நாளா தமிழ்நாட்டுல ஐமேக்ஸ்னா சென்னை மட்டும்தான், வடபழனி பலாஸோவும் வேளச்சேரி லக்ஸும். இப்ப கோவையிலயே அவிநாசி ரோட்டுல ஏர்போர்ட் பக்கம் பிராட்வே சினிமாஸ்ல ஐமேக்ஸ் இருக்கு, நமக்கு அதுதான் கிட்ட. அதே எடத்துல எபிக்னு இன்னொரு பெரிய ஸ்க்ரீனும் இருக்கு, அது சென்னையில இருக்குற க்யூப் கம்பெனியோட டிசைன், ஐமேக்ஸ்ல டிக்கெட் கெடைக்கலைன்னா இது நல்ல மாத்து, சொல்லப்போனா நம்ம ஊர் படங்களுக்கு நான் எபிக்க கொறச்சு சொல்லவே மாட்டேன்.

புக் பண்றப்ப அவசரப்படாம ஃபார்மேட்ட படிங்க. ஒரே படம் ஒரே தியேட்டர்ல ஐமேக்ஸ் 2டி, ஐமேக்ஸ் 3டி, எபிக், சாதா ஸ்க்ரீன்னு நாலு விதமா ஓடும், ஆப்ல எல்லாம் பக்கத்துல பக்கத்துல இருக்கும், பாஷையும் இங்கிலீஷா தமிழான்னு தனியா போட்டிருக்கும். ஆத்தா அப்புச்சிய கூட்டிட்டுப் போறவங்க தமிழ் ஷோவ புடிங்க, அவ்வளவு பெரிய ஸ்க்ரீன்ல சப்டைட்டில் படிச்சுட்டே இருந்தா படத்த யாரு பாக்குறது. டிக்கெட் 100 ரூபாக்கு மேலன்னா ஜிஎஸ்டி 18 சதவீதம், அதோட ஆன்லைன் சார்ஜ் வேற, அதனால கடைசி ஸ்க்ரீன்ல வர்ற தொகைய பாத்துட்டு பட்ஜெட் போடுங்க.

இன்னொண்ணு, ஐமேக்ஸ் ஸ்க்ரீன் ஒண்ணுதான். அடுத்த வெள்ளிக்கிழமை வேற பெரிய படம் வந்துச்சுன்னா இந்தப் படத்த தூக்கி சாதா ஸ்க்ரீனுக்கு மாத்திருவாங்க. "கூட்டம் கொறையட்டும், ரெண்டாவது வாரம் போலாம்"ங்கற நம்ம வழக்கமான கணக்கு இங்க ஒத்து வராது. மொத வாரத்துலயே செவ்வாய், புதன் மாதிரி வார நாள்ல ஒரு லீவு போட்டுப் போறது பெஸ்ட், சீட்டும் கெடைக்கும், டூரிஸ்ட் ட்ராஃபிக்கும் இருக்காது.

சீட்டுக்கு வர்றேன். மொத்த வரிசைய மூணா பிரிச்சா பின்னாடி மூணுல ஒரு பங்கு எங்க ஆரம்பிக்குதோ அங்க, நடுவுல. அங்கதான் ஸ்க்ரீன் கண்ண நெறைக்கும் ஆனா கழுத்த திருப்ப வேண்டியிருக்காது, லேசர் ஐமேக்ஸ்ல 12 சேனல் சவுண்ட், சைடுலயும் தலைக்கு மேலயும் ஸ்பீக்கர் இருக்கும், அதுவும் அந்த எடத்துலதான் சமமா விழும். ஆப்ல ஸ்க்ரீன் எந்தப் பக்கம்னு படம் போட்டிருப்பாங்க, அத பாத்து செலக்ட் பண்ணுங்க, எழுத்த பாத்து ஏ வரிசை முன்னாடியா பின்னாடியான்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. முன்னாடி நாலு வரிசை ஃப்ரீயா குடுத்தா கூட வேணாம். 3டின்னா நடு சீட் இன்னும் முக்கியம், ஓரத்துல உக்காந்தா உருவம் ஒரு மாதிரி கோணலா தெரியும். கண்ணாடி போடுறவங்க 3டி கண்ணாடிய அது மேலதான் மாட்டணும், பவர் கண்ணாடிய நல்லா தொடச்சுட்டுப் போங்க. எனக்குக் கேட்டா 2டியா 3டியான்னு சாய்ஸ் இருந்தா 2டிதான், வெளிச்சம் கொறையாது, ஆனா 3டிக்குன்னே எடுத்த படம்னா அது வேற கதை.

எந்த ஷோ

தமிழ்நாட்டுல இப்ப பெரும்பாலும் மொத காட்சி காலையில 9 மணிக்கு மேலதான். மேல இருக்குறவங்களுக்கு அந்தக் காலை ஷோதான் சரி, ஏன்னு கணக்கு போட்டுப் பாருங்க. இப்ப வர்ற பிரம்மாண்ட படம் எல்லாம் மூணு மணி நேரம், அவதார் ரெண்டாம் பாகம் எல்லாம் 3 மணி 12 நிமிஷம். அதோட விளம்பரம், நம்ம ஊர் இடைவேளை சேத்தா மூணே முக்கால் நாலு மணி நேரம் தியேட்டருக்குள்ள. 10 மணி ஷோன்னா வெளிய வர்றப்ப ரெண்டு மணி ஆகும், சாப்பிட்டுட்டு மூணு மணிக்கு வண்டி எடுத்தா நாலரைக்கு மேட்டுப்பாளையம், இருட்டுறதுக்கு முன்னாடி காட்டுப் பகுதிய தாண்டிரலாம். மத்தியானம் ஒரு மணி ஷோ புடிச்சீங்கன்னா மலையடிவாரத்துல கல்லாறு வர்றப்பவே இருட்டு.

இருட்டுல என்னன்னு கேக்குறவங்களுக்கு, மேட்டுப்பாளையம் குன்னூர் ரோட்டுல 14 கொண்டை ஊசி வளைவு, பலாப்பழ சீசன்ல கல்லாறு பர்லியார் பக்கம் யானை ரோட்டுக்கே வந்து நிக்கும், மேல மிஸ்ட் எறங்குச்சுன்னா முன்னாடி போற லாரியோட செவப்பு லைட் கூட தெரியாது. மூணு மணி நேரம் கண்ண சிமிட்டாம படம் பாத்துட்டு வந்த டிரைவருக்கு அது தேவையில்லாத வேலை. நைட் ஷோதான் கெடைச்சுதுன்னா கோவையிலயே சொந்தக்காரங்க வீட்டுல தங்கிட்டு விடிஞ்சப்புறம் ஏறுங்க. கூடலூர்காரங்களுக்கு ஊட்டி வரதுக்கே ரெண்டு மணி நேரம் ஆயிரும், நீங்க தங்குற மாதிரியே பிளான் பண்ணுங்க.

எறங்குறது

10 மணி ஷோன்னா ஊட்டியில அஞ்சரைக்கு, குன்னூர் கோத்தகிரியில ஆறே காலுக்கு வண்டி எடுத்துருங்க. ஏப்ரல் மே சீசன்ல வழக்கமா ஒன்வே பண்ணிருவாங்க, மேல ஏர்ற வண்டி குன்னூர் வழி, எறங்குறது கோத்தகிரி வழி, அதுக்கு ஏத்த மாதிரி நேரம் கூட வச்சுக்கோங்க. ஐப்பசி கார்த்திகை மழையில மரம் விழுந்தாலும் மண்ணு சரிஞ்சாலும் ரோடு எப்ப மூடும்னு சொல்ல முடியாது, அந்த மாசத்துல கேன்சல் பண்ண முடியுற டிக்கெட்டா பாத்து எடுங்க. மலை ரயில இதுக்கு நம்பாதீங்க, எறங்கவே மூணரை மணி நேரம், டைமும் எந்த ஷோவுக்கும் ஒத்து வராது.

பஸ்ல போறவங்க கோவை மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டுல எறங்கி அங்கிருந்து ஆட்டோவோ டவுன் பஸ்ஸோ புடிச்சு அவிநாசி ரோடு போகணும், அது ஊரோட இன்னொரு மூலை, முக்கால் மணி நேரம் ஒதுக்குங்க. சொந்த வண்டின்னா ஊருக்குள்ள போகவே வேணாம், துடியலூர்ல லெஃப்ட் எடுத்து சரவணம்பட்டி, காளப்பட்டி வழியா போனா சித்ராவுல அவிநாசி ரோட்டுக்கு வந்துரலாம். ஊருக்குள்ள வேலைய முடிச்சுட்டு வர்றவங்களுக்கு உப்பிலிபாளையத்துல இருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் 2025ல தொறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலம் இருக்கு, 10 கிலோமீட்டர், ஆனா மேப்ப போட்டுட்டு ஏறுங்க, எறங்க வேண்டிய எடத்த விட்டா சுத்தித்தான் வரணும்.

இப்ப யாரும் சொல்லாத விஷயம், காது. ஊட்டி 2,240 மீட்டர் ஒசரம், கோவை 400 சொச்சம். ரெண்டு மணி நேரத்துல அவ்வளவு எறங்குறப்ப வெளிய காத்தழுத்தம் கூடிட்டே போகும், காதுக்குள்ள இருக்குற அழுத்தம் அதுக்கு ஈடாகலைன்னா கும்முன்னு அடைச்சுக்கும். நமக்குத்தான் பழகிப்போச்சே, தானா விடும்னு விட்டுருவோம், சில பேருக்கு மத்தியானம் வரைக்கும் கூட அடைச்சே இருக்கும். அடைச்ச காதோட 12 சேனல் சவுண்ட் கேக்குறது கம்பளிய போத்திக்கிட்டு மழையில நனையுற மாதிரி. அதனால எறக்கம் ஆரம்பிச்சதுல இருந்தே எச்சில் முழுங்கிட்டே வாங்க, கொட்டாவி விடுங்க, பபுள்கம் மெல்லுங்க. அப்பவும் விடலைன்னா மூக்க புடிச்சு வாய மூடிட்டு மெதுவா காத்த தள்ளுங்க, மெதுவான்னா மெதுவா, பலமா தள்ளி காத கெடுத்துக்காதீங்க. சின்னப் பசங்க தூங்கிட்டே வந்தா எறக்கத்துல எழுப்பி எதாவது குடிக்கக் குடுங்க, கைக்குழந்தைக்கு பால் குடுங்க. கடுமையான சளி இருந்தா அந்த வாரம் விட்டுருங்க.

அப்புறம் வாந்தி. வெறும் வயித்தோட எறங்காதீங்க, வயிறு முட்டவும் வேணாம், ரெண்டு இட்லி போதும். போன பாக்காம ரோட்ட பாருங்க, எலுமிச்சம்பழத்த மோந்துக்கோங்க. அவோமின் மாத்திரை போடுறவங்க ஜாக்கிரதை, அது தூக்கத்த குடுக்கும், வாந்தி வராது சரி, ஆனா க்ளைமாக்ஸ் சண்டையில பத்தாயிரம் பேர் மோதிட்டு இருக்குறப்ப நீங்க கொறட்ட விட்டுட்டு இருப்பீங்க. வண்டி ஓட்டுறவரு அத தொடவே கூடாது. எப்படிப் பாத்தாலும் ஷோவுக்கு முக்கால் மணி நேரம் முன்னாடியே போயி சேந்து, ஒரு டீய குடிச்சு, நடந்து, தல சுத்தல் நின்னப்புறம் உள்ள போங்க. வளைவுல சுத்துன தலையோட நேரா ராட்சச ஸ்க்ரீன் முன்னாடி போயி உக்காந்தா மொத பறக்குற சீன்லயே வயித்த பெரட்டும்.

உள்ள போனப்புறம்

கீழ எறங்குனதும் வேர்க்குதுன்னு ஸ்வெட்டர கார்லயே கழட்டிப் போட்டுட்டுப் போயிருவோம், உள்ள ஏசி நம்ம ஊர் டிசம்பர் மாதிரி இருக்கும், ஒரு சால்வையாவது எடுத்துக்கோங்க. வீட்டுல இருந்து வர்க்கி, சுண்டல் எல்லாம் கொண்டு போனா வாசல்லயே நிறுத்துவாங்க. வெளி சாப்பாட்ட தடுக்க தியேட்டருக்கு உரிமை இருக்குன்னு 2023 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு, ஆனா குடிதண்ணி இலவசமா குடுக்கணும், குழந்தைக்கான சாப்பாட்ட அனுமதிக்கணும்னும் அதே எடத்துல பதிவாயிருக்கு, அதனால தண்ணி எங்கன்னு தைரியமா கேளுங்க. இடைவேளையில பாப்கார்ன் கியூவுக்கு முன்னாடி பாத்ரூம் போயிட்டு வந்துருங்க, ரெண்டையும் மாத்திப் பண்ணா ரெண்டாம் பாதி ஆரம்பம் போயிரும்.

சத்தம் நெஜமாவே பலமா இருக்கும், நெஞ்சுல அடிக்கும். சின்னக் கொழந்தைங்கள யோசிச்சுக் கூட்டிட்டுப் போங்க, காதுல பஞ்சு வச்சு பெருசா பிரயோஜனம் இல்ல. 3டியில தல வலிச்சா கண்ணாடிய கழட்டிட்டு ஒரு நிமிஷம் கண்ண மூடிக்கோங்க, செரியாயிரும். போன்ல ஸ்க்ரீன ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடாதீங்க ப்ளீஸ், அந்த இருட்டுல உங்க போன் வெளிச்சம் பின்னாடி பத்து வரிசைக்குத் தெரியும், அதுவுமில்லாம தியேட்டர்ல ரெக்கார்ட் பண்றது சட்டப்படி குத்தம்.

திரும்பறப்ப

சாப்பாட்ட கோவையிலயே முடிச்சுட்டு வண்டிய எடுங்க, காரமடை தாண்டுனா மனசு வீட்டுக்குப் போயிரும், எங்கயும் நிறுத்தத் தோணாது. டிரைவர் சொக்குனா மேட்டுப்பாளையத்துலயே ஓரங்கட்டி இருபது நிமிஷம் தூங்கட்டும். கையில இருக்குற பிளாஸ்டிக் தண்ணி பாட்டில கீழயே காலி பண்ணிப் போட்டுட்டு வாங்க, மாவட்டத்துக்குள்ள தடை, செக்போஸ்ட்ல கேப்பாங்க. டிஎன் 43னு நம்ம நீலகிரி நம்பர் போட்ட வண்டிக்கு, மலைக்கு வர்றதுக்கான ஆன்லைன் அனுமதி இ-பாஸ் வேண்டியதில்ல, ஆனா கோவை மச்சான் கார்ல ஏறி வர்றீங்கன்னா அவருக்கு வேணும், தியேட்டர்ல உக்காந்து இடைவேளையிலயே போன்ல எடுத்து வச்சுருங்க, கல்லாறு செக்போஸ்ட் கியூவுல நின்னுட்டு சிக்னல் தேடிட்டு இருக்காதீங்க.